இருபது நிமிஷம் மட்டும் பார்த்தவர்

போன வருஷம் செமஸ்டர் முடிந்த அன்று ராத்திரி, ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து 'பிளேட் ரன்னர்' பார்த்தோம். பாதியிலேயே ரெண்டு பேர் தூங்கிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், படம் மெதுவாகத்தான் போகும். கடைசி வரை முழிச்சிருந்த எனக்கு, பெயர்கள் ஓடும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. படத்தை ஃபிலிப் கே. டிக் என்பவரின் நினைவுக்குச் சமர்ப்பித்திருந்தார்கள். கதை எழுதினவர் பெயரும் அதேதான். அப்போ படம் வரும்போது ஆள் உயிரோட இல்லையா? தேடிப் பார்த்தேன். அவர் இறந்தது 1982 மார்ச் 2. படம் ரிலீஸ் ஆனது 1982 ஜூன் 25. நாலு மாசம் கூட இல்லை.

இவர் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்லை. ஆனா இவர் கதையை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. டோட்டல் ரீகால், மைனாரிட்டி ரிப்போர்ட், பேசெக், தி அட்ஜஸ்ட்மென்ட் ப்யூரோ, எ ஸ்கேனர் டார்க்லி, அமேசானில் வந்த தி மேன் இன் தி ஹை கேஸில். எல்லாமே இந்த ஒரு ஆள் தலையிலிருந்து வந்தவை. நாற்பதுக்கு மேல் நாவல், சுமார் 120 சிறுகதை. இவ்வளவும் எழுதினவர் வாழ்க்கையில் பெரும்பகுதி வாடகைக்கே திண்டாடினார் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. இவர் கதைகளை சினிமா என்ன செய்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. அதையும் கொட்டித் தீர்க்கப் போறேன், பொறுத்துக்கோங்க.

ஃபிலிப் பிறந்தது 1928 டிசம்பர் 16, சிகாகோவில். கூடவே ஒரு தங்கையும் பிறந்தாள், பெயர் ஜேன். ரெட்டைக் குழந்தைகள், ஆறு வாரம் முன்னாடியே பிறந்தவை. அம்மாவுக்குப் பால் போதவில்லை, சொல்லிக்கொடுக்கப் பெரியவர்களும் பக்கத்தில் இல்லை, கடுமையான குளிர்காலம் வேறு. 1929 ஜனவரி 26 அன்று ஜேன் இறந்துபோனாள். கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் மார்கன் என்ற ஊரில் புதைத்தார்கள். ஒரு கல் வைத்து, அதில் ஜேன் பெயரைச் செதுக்கினார்கள். பக்கத்திலேயே உயிரோடு இருந்த ஃபிலிப்பின் பெயரையும், பிறந்த தேதியையும் செதுக்கிவிட்டு, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார்கள்.

நினைச்சுப் பாருங்க. நாட்டின் ஏதோ ஒரு மூலையில் உங்க பேர் போட்ட கல்லறை ரெடியா இருக்கு என்று தெரிந்தே வளர்வது எப்படி இருக்கும்? அம்மா அந்தக் கதையை அவரிடம் அடிக்கடி சொன்னார். தனக்குக் கிடைத்த பால் அவளுக்குப் போயிருக்க வேண்டியது என்ற குற்ற உணர்ச்சி கடைசி வரை அவரை விடவில்லை. அவர் கதைகளில் திரும்பத் திரும்ப ஒரு இரட்டை வரும். இல்லாமல் போன ஒரு பெண் வருவாள், அசலும் நகலும் குழம்பும். இதை ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள், நான் அதுக்குள்ள போகல.

அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே பிரிந்தார்கள். பையன் அம்மாவோடு வாஷிங்டன் போய், அப்புறம் 1938-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்து சேர்ந்தான். பெர்க்லி ஹைஸ்கூலில் 1947-ல் முடித்த அதே செட்டில் இன்னொரு மாணவியும் இருந்தார். பின்னாளில் உர்சுலா லே குவின் என்று உலகப் புகழ் பெற்றவர். ரெண்டு பேருக்கும் அப்போ அறிமுகம் கிடையாது. காலேஜில் சேர்ந்த டிக் சீக்கிரமே நின்றுவிட்டார். பதற்றம், தலைசுற்றல், கூட்டத்தைக் கண்டால் பயம். இதெல்லாம் சின்ன வயசிலிருந்தே இருந்தது. டிகிரி இல்லை. ரேடியோ ரிப்பேரும் இசைத்தட்டு விற்பனையும் நடக்கும் கடைகளில் வேலை பார்த்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தக் கடை முதலாளி, ரிப்பேர் பார்க்கிற ஆள், சம்பளம் போதாத விற்பனைப் பையன், இவங்கதான் அடுத்த முப்பது வருஷம் அவர் நாவல்களில் கதாநாயகர்கள்.

1951-ல் முதல் கதை விற்றது. 75 டாலர். பெயர் 'ரூக்'. வீட்டு நாய் ஒன்று குப்பை அள்ள வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கிறது. நாயின் பார்வையில், வீட்டுக்காரர்கள் உணவை ஒரு டப்பாவில் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறார்கள், வாராவாரம் யாரோ வந்து திருடிப் போகிறார்கள். நாய் உயிரைக் கொடுத்து எச்சரிக்கிறது. வீட்டுக்காரர்களுக்கோ அது வெறும் தொல்லை. அவ்வளவுதான் கதை. ஆனா உண்மை என்பது பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறினால், யாரை நம்புவது? இதுதான் டிக் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி, முதல் கதையிலேயே இருக்கு.

வேலையை விட்டார். எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். 1953-ல் மட்டும் முப்பதுக்குக் கிட்டத்தட்ட கதைகள் வெளியாயின. 1955-ல் முதல் நாவல். அந்தக் காலத்தில் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றால் ரயில்வே ஸ்டேஷன் கடையில் தொங்கும் மலிவு அட்டைப் புத்தகம்தான். ஒரு நாவலுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலர் வந்தால் பெரிசு. நாய் பூனைக்குத் தீனி விற்கும் கடையில் குதிரைக் கறி வாங்கி அவரும் மனைவியும் சாப்பிட்ட நாட்கள் உண்டு. இதைப் பின்னாளில் ஒரு தொகுப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

இதில் வேதனை என்னன்னா, அவருக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் என்ற பேர் மட்டும் போதவில்லை. சாதாரண மனிதர்களைப் பற்றிய 'இலக்கிய' நாவல்கள் எழுத ஆசை. ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். ஒன்றும் விற்கவில்லை. 1963 ஜனவரியில் அவருடைய ஏஜென்சி, விற்காத அந்த நாவல்களை எல்லாம் மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டது. நமக்கு ஒரு கம்பெனி ரிஜெக்ட் மெயில் போட்டாலே மெஸ்ஸில் சோறு இறங்காது. இவருக்குப் பத்து வருஷ உழைப்பு ஒரே நாளில் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது.

அதே 1963-ல் தி மேன் இன் தி ஹை கேஸில் நாவலுக்கு ஹியூகோ விருது கிடைத்தது. சயின்ஸ் ஃபிக்‌ஷன் உலகத்தில் அதுதான் உச்சம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்து அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டால்? இதுதான் கதைக்களம். கதையை நகர்த்த 'ஐ சிங்' என்ற பழைய சீனக் குறி நூலைப் பயன்படுத்தினார். அவருடைய மூன்றாவது மனைவி நகை செய்யும் தொழில் நடத்தினார், நாவலில் வரும் நகைத் தொழிலாளி அங்கிருந்து வந்தவர்தான். சீரியலாக வந்தபோது நாலு சீசன் ஓட்டினார்கள். முதல் சீசன் நல்லா இருக்கும். போகப் போக அது ஒரு உளவாளித் தொடராக மாறிவிட்டது. நாவலில் வெற்றி பெற்றவர்கள் முன்னால் கூனிக் குறுகி, போலிப் பழம்பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் வருவார். அந்த ஆளின் தலைகுனிவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருப்பார் டிக். துப்பாக்கிச் சத்தத்தில் அதெல்லாம் காணாமல் போச்சு.

விருது வந்தாலும் பணம் வரவில்லை. அடுத்த ரெண்டு வருஷத்தில் பத்து நாவலுக்கு மேல் எழுதித் தள்ளினார். எப்படி முடிந்தது என்றால், ஆம்ஃபெட்டமின் மாத்திரை. தூங்காமல் டைப் அடிக்கலாம். விலை பின்னாடி கொடுக்கணும். இந்த இடத்தில் நாம் விரும்பும் எழுத்தாளரைப் பற்றிக் கசப்பான ஒன்றையும் சொல்லியாகணும். அந்த 1963-லேயே அவர் தன் மனைவி தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று மருத்துவரை நம்ப வைத்து, அவரை மனநல மருத்துவமனையில் அடைக்க வைத்தார். சில வாரங்களில் அவர் வெளியே வந்தார். கல்யாணம் அதுக்கப்புறம் நிலைக்கவில்லை. மொத்தம் ஐந்து கல்யாணம், மூன்று குழந்தைகள். கூட இருந்தவர்களுக்கு அவர் லேசான மனிதர் கிடையாது. கருணைதான் மனிதனின் அடையாளம் என்று எழுதின அதே ஆள்தான் இதையும் செய்தார். எனக்கு இது இன்னும் உறுத்துது.

அந்தக் கருணை விஷயம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். ஹை கேஸில் எழுதும் முன் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த நாஜி ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்தார். அதில் போலந்தில் வேலை பார்த்த ஒரு நாஜி அதிகாரியின் குறிப்பு. பட்டினியில் கிடக்கும் குழந்தைகளின் அழுகைச் சத்தத்தால் ராத்திரி தூக்கம் கெடுகிறது என்று அந்த ஆள் குறைப்பட்டு எழுதியிருந்தான். குழந்தைகள் சாவதைப் பற்றி இல்லை, தன் தூக்கத்தைப் பற்றி. டிக் அதிர்ந்துபோனார். பார்க்க மனுஷன் மாதிரி இருக்கும், பேசும், படிப்பும் இருக்கும், ஆனா உள்ளே ஏதோ ஒன்று கிடையாது. இப்படிப்பட்ட ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விதான் 1968-ல் 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலக்ட்ரிக் ஷீப்?' என்ற நாவலாக வந்தது. அதாவது பிளேட் ரன்னரின் மூலக்கதை.

படத்தை மட்டும் பார்த்தவங்களுக்கு நாவலைச் சொன்னா சிரிப்பீங்க. ஹாரிசன் ஃபோர்டு மழையில் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக நடக்கிறார் இல்லையா, அந்த டெக்கார்டு நாவலில் கல்யாணம் ஆனவர். முதல் காட்சியே புருஷன் பெண்டாட்டி சண்டை. மனநிலையை டயல் செய்து மாற்றிக்கொள்ளும் ஒரு மெஷின் வீட்டில் இருக்கு. மனைவியோ அதில் வேண்டுமென்றே சில மணி நேரம் விரக்தியை டயல் செய்து வைத்திருக்கிறார். உலகத்தில் போர் முடிந்து கதிரியக்கத் தூசியில் விலங்குகள் எல்லாம் செத்துப் போச்சு. மிச்சம் இருக்கும் ஒரு ஆடோ கோழியோ வளர்ப்பதுதான் கௌரவம். வாங்க முடியாதவர்கள் அக்கம்பக்கத்தினர் கண்ணுக்குத் தெரியாமல் மின்சார விலங்கு வைத்துக்கொள்கிறார்கள். டெக்கார்டின் மொட்டை மாடியில் இருப்பது மின்சார ஆடு. நிஜ விலங்கு ஒன்று வாங்கப் பணம் வேண்டும், அதுக்காகத்தான் தப்பி வந்த ஆண்ட்ராய்டுகளை வேட்டையாடுகிறார், தலைக்கு 1,000 டாலர். கிடைத்த பணத்தில் முன்பணம் கட்டி, மீதிக்குத் தவணை போட்டு ஒரு வெள்ளாடு வாங்குகிறார். ஆமாங்க, பிளேட் ரன்னரின் ஹீரோ நாவலில் இ.எம்.ஐ. கட்டுகிற ஆள்.

படத்தில் அந்தக் கண்மணியை அளக்கும் வோய்ட்-காம்ஃப் சோதனை வருமே, அதில் ஏன் ஆமை, குளவி, கன்றுத்தோல் பர்ஸ் என்று விலங்கைப் பற்றியே கேட்கிறார்கள் என்று யோசிச்சிருக்கீங்களா? காரணம் நாவலில் இருக்கு. விலங்குகள் அழிந்த உலகத்தில் இன்னொரு உயிருக்காகப் பதறுகிறாயா என்பதுதான் மனிதனா இயந்திரமா என்பதற்கான ஒரே அளவுகோல். படம் கேள்விகளை வைத்துக்கொண்டு காரணத்தைக் கிட்டத்தட்ட தூக்கிவிட்டது. (போன மாசம் பிளேஸ்மென்ட்டுக்காக ஒரு மனோதத்துவ டெஸ்ட் எழுதினேன். நாற்பது நிமிஷம், கேள்விக்குப் பின் கேள்வி. எதை அளக்கிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, நடத்தினவங்களுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. டிக் ஞாபகம்தான் வந்தது.)

நாவலில் ஒரு காட்சி இருக்கு. படத்தில் இல்லை. புத்தி குறைந்தவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவனிடம் ஒரு நிஜச் சிலந்தி கிடைக்கிறது. அவனுக்கு அது அதிசயம். அவன் வீட்டில் ஒளிந்திருக்கும் ஆண்ட்ராய்டுப் பெண், எட்டுக் கால் எதுக்கு, நாலு போதாதா என்று பார்க்க ஒவ்வொரு காலாகக் கத்தரிக்கிறாள். கோபமோ வெறியோ இல்லை, வெறும் ஆர்வம். நான் லேப் வேலையை எல்லாம் நினைத்துப் பார்த்து அன்னைக்குப் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். அந்தப் போலந்து அதிகாரியின் குறிப்பு இங்கேதான் வந்து சேருது.

இனி 70-கள். சுருக்கமாகச் சொல்றேன், ஏன்னா இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் ஊதிப் பெரிசாக்குவாங்க. நாலாவது மனைவி பிரிந்து போன பிறகு வீடு முழுக்க போதைப் பழக்கமுள்ள இளைஞர்கள் வந்து தங்கினார்கள். 1971 நவம்பரில் யாரோ வீட்டை உடைத்து, அவருடைய ஃபைல் அலமாரியைத் தகர்த்து, காகிதங்களை அள்ளிப் போனார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. 1972-ல் கனடாவின் வான்கூவருக்கு ஒரு மாநாட்டுக்குப் போனவர், அங்கேயே தற்கொலைக்கு முயன்று பிழைத்து, போதை மீட்பு இல்லத்தில் சேர்ந்தார். அங்கிருந்து தெற்குக் கலிஃபோர்னியா, புது வாழ்க்கை, ஐந்தாவது கல்யாணம்.

1974 பிப்ரவரியில் ஞானப்பல் பிடுங்கின வலிக்கு மருந்து கொண்டுவந்த பெண்ணின் கழுத்தில் மீன் வடிவப் பதக்கம் ஒன்றைப் பார்த்தார். ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம் அது. அதிலிருந்து சில வாரங்கள் அவருக்குத் தரிசனம் மாதிரி ஏதேதோ. இளஞ்சிவப்பு ஒளி ஒன்று தனக்குச் செய்தி சொல்வதாக நம்பினார். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு வெளியே தெரியாத குடலிறக்கம் இருப்பதாக அந்த ஒளி சொன்னது, டாக்டரிடம் காட்டினால் அது உண்மையாகவே இருந்தது என்று அவர் சொன்னார். கடவுளா, செயற்கைக்கோளா, மூளைக் கோளாறா, பழைய மாத்திரையின் விளைவா? எட்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக எழுதினார், சுமார் 8,000 பக்கம். எனக்குப் பிடித்தது என்னன்னா, அவர் ஒரு விடையிலும் நிற்கவில்லை. ஒரு விளக்கம் எழுதுவார், மறுநாள் தானே அதை உடைப்பார். தனக்குப் பைத்தியம் என்பதையும் ஒரு சாத்தியமாக வைத்துக்கொண்டே எழுதினார். அதில் ஒரு பகுதி 2011-ல் புத்தகமாக வந்தது.

இப்போ சினிமா. ஹாம்ப்டன் ஃபான்ச்சர் எழுதின பிளேட் ரன்னர் திரைக்கதையின் ஆரம்ப வடிவம் டிக் கைக்குக் கிடைத்தது. படித்துவிட்டுக் கொதித்தார். தன் நாவலை ஒரு சாதாரண டிடெக்டிவ் படமாக்கிவிட்டார்கள் என்று எண்ணினார். ஒரு டிவி நிகழ்ச்சி வழிகாட்டிப் பத்திரிகையில், டைரக்டர் ரிட்லி ஸ்காட்டின் ஏலியன் படத்தையும் சேர்த்துக் கிண்டலடித்துக் கட்டுரையே எழுதினார். ஹாலிவுட் காசு கொடுக்கும் நேரத்தில் இப்படிச் செய்ய ஒரு தைரியம் வேணும். அப்புறம் டேவிட் பீப்பிள்ஸ் திருத்தி எழுதின வடிவத்தைப் படித்ததும் மனசு மாறினார். நாவலும் திரைக்கதையும் ஒன்றை ஒன்று பூர்த்தி செய்வதாகத் தோன்றியதாம்.

இந்த நேரத்தில்தான் பெரிய சோதனை. படத்தை ஒட்டி, படத்தின் கதையையே ஒரு சின்ன நாவலாக எழுதித் தரச் சொன்னார்கள். அவர் சொன்ன கணக்குப்படி, லாபப் பங்கெல்லாம் சேர்த்தால் 4 லட்சம் டாலர் வரை வந்திருக்கும். நிபந்தனை, பழைய நாவல் கடைக்கு வரக் கூடாது. அவர் மறுத்துவிட்டார். அந்த நேரத்தில் உட்கார்ந்து அவர் எழுதின வேறொரு நாவலுக்குக் கிடைத்தது 7,500 டாலர். தி ட்ரான்ஸ்மைக்ரேஷன் ஆஃப் திமோத்தி ஆர்ச்சர் என்று பெயர். அது சயின்ஸ் ஃபிக்‌ஷன் கூட இல்லை. இருபது வருஷம் முன்னால் வாசலுக்குத் திரும்பி வந்ததே, அந்த மாதிரி நாவல். குதிரைக் கறி சாப்பிட்ட ஆள் இந்த முடிவை எடுத்தார் என்பதை யோசிங்க. கடைசியில் சினிமாக்காரர்கள் இறங்கி வந்தார்கள். பழைய நாவலே, ஒரு வார்த்தை மாறாமல், பிளேட் ரன்னர் என்ற அட்டையோடு வெளியானது.

1981 கடைசியில் ஸ்டுடியோ அவரைக் கூப்பிட்டது. டக்ளஸ் ட்ரம்புல்லின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கூடத்தில், ரிட்லி ஸ்காட் பக்கத்தில் இருக்க, சுமார் 20 நிமிஷக் காட்சிகளைத் திரையிட்டார்கள். 2019-ன் லாஸ் ஏஞ்சலஸ். நெருப்பு கக்கும் ஆலைகள், மழை, பறக்கும் கார். விளக்கு எரிந்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னார். தன் மூளைக்குள் இருந்த உலகம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தார். ஆனால் ஒரு விஷயத்தில் ஸ்காட்டோடு ஒத்துப்போகவில்லை. டிக்குக்கு ஆண்ட்ராய்டு என்றால் இரக்கமில்லாத, பரிதாபமான ஒன்று. ஸ்காட்டுக்கோ அது மனுஷனைவிட மேலான ஒன்று.

1982 பிப்ரவரி 18 அன்று சாண்டா அனாவில் தன் ஃபிளாட்டில் மயங்கிக் கிடந்தார். பக்கவாதம். மருத்துவமனையில் திரும்பவும் தாக்கியது. மார்ச் 2 அன்று இறந்தார், வயது 53. அப்பா அஸ்தியை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் மார்கன் போனார். அந்தக் கல்லில் காலியாக இருந்த இடத்தில் தேதியைச் செதுக்கினார்கள்.

படம் வந்தபோது ஓடவில்லை. ரெண்டு வாரம் முன்னால் வந்த ஈ.டி. எல்லாக் கூட்டத்தையும் அள்ளிக்கொண்டது. வீடியோ கேசட்டில்தான் மெல்ல மெல்ல ரசிகர்கள் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் ஹாலிவுட்டுக்கு டிக் மேல் தீராத காதல். உயிரோடு இருக்கும்வரை, 1962-ல் பிரிட்டிஷ் டிவியில் ஒரு சிறுகதை ஒரு எபிசோடாக வந்ததைத் தவிர, திரையில் அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

என் கோபத்துக்கு வரேன். டோட்டல் ரீகால் படத்தின் மூலக்கதையில் ஹீரோ ஒரு குமாஸ்தா. செவ்வாய்க்குப் போக ஆசை, காசு இல்லை, அதனால் போய்வந்த மாதிரி ஞாபகத்தை விலைக்கு வாங்கப் போகிறான். கதை செவ்வாய்க்குப் போகவே போகாது. படத்தில் அந்த ஹீரோ யார்? அர்னால்டு ஷ்வார்ஸ்னெகர். அந்த உடம்போட ஒருத்தர் தினமும் வேலைக்குப் போய் வந்தால், பக்கத்து வீட்டுக்காரனுக்கே சந்தேகம் வரும். 1990-ன் அந்தப் படம் ஜாலியான படம், நான் நாலு தடவை பார்த்திருக்கேன். ஆனா அவர் ரகசிய உளவாளி என்று தெரியும்போது நமக்கு ஆச்சரியமே வராது. சாதாரண ஆள் என்பதுதான் நம்ப முடியாத பொய்யாக இருக்கு. கதையில் நேர் எதிர்.

மைனாரிட்டி ரிப்போர்ட் இன்னும் சுவாரசியம், நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் கவனிங்க. கொலையை முன்கூட்டியே பார்க்கும் மூன்று பேர். மூன்றில் ரெண்டு ஒத்துப்போனால் அதுதான் தீர்ப்பு. விமானக் கட்டுப்பாட்டில் மூன்று கம்ப்யூட்டர் வைத்து ஓட்டெடுப்பு நடத்துகிற அதே தத்துவம். ஆனா அது வேலை செய்ய மூன்றும் ஒன்றை ஒன்று பார்க்காமல், ஒரே இன்புட்டை வைத்துக் கணக்குப் போடணும். 1956-ல் எழுதின கதையில் டிக் என்ன செய்கிறார் தெரியுமா? முதல் அறிக்கை: போலீஸ் தலைவர் கொலை செய்வார். அந்த அறிக்கையை அவர் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பது ரெண்டாவது அறிக்கை: செய்ய மாட்டார். ரெண்டாவதையும் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பது மூன்றாவது: செய்வார். முதலும் மூன்றும் மேலோட்டமாக ஒத்துப்போகிற மாதிரி தெரியும், ஆனால் காரணங்கள் வேறு வேறு. பெரும்பான்மை என்பதே கிடையாது, மூன்றுமே சிறுபான்மை அறிக்கைகள். ஃபீட்பேக் லூப் ஒன்றை ஓட்டுச்சீட்டு என்று நம்பி ஒரு ஊரே சட்டம் நடத்துகிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் இதைக் கேட்டிருந்தா நான் ஒழுங்கா எழுதியிருப்பேன்.

ஸ்பீல்பெர்க் 2002-ல் எடுத்த படம் இந்த முடிச்சை விட்டுவிட்டது. வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, ரிட்டயர்மென்ட் பயத்தில் இருக்கும் தலைவர் டாம் க்ரூஸ் ஆகிவிட்டார். முடிவும் மாறிவிட்டது (படிக்கப் போறவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க). படத்தில் அவர் சுட மறுக்கிறார், அந்த அமைப்பே மூடப்படுகிறது, எல்லாம் சுபம். கதையில் அவர் தன் அமைப்பின் மானத்தைக் காப்பாற்ற, தெரிந்தே, எல்லார் முன்னிலையிலும் சுட்டுக் கொல்கிறார். படம் முடிந்ததும் நிம்மதியா இருக்கும். கதை முடிந்ததும் இருக்காது.

பிளேட் ரன்னர் பற்றி என் கருத்து மாறிக்கொண்டே இருக்கு. படத்தின் கடைசியில் வேட்டையாடப்பட்டவன், வேட்டையாட வந்தவன் உயிரைக் காப்பாற்றிவிட்டு மழையில் சாகிறான். சினிமாவில் நான் பார்த்த அருமையான சாவு அது. ஆனா டிக் கேட்டது, மனுஷ உருவத்தில் இருக்கும் இரக்கமற்றவனை எப்படி அடையாளம் காண்பது என்று. படம் கேட்டது, இயந்திர உருவத்தில் இருக்கும் இரக்கத்தை நாம் கவனிக்கிறோமா என்று. கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். துரோகம் என்று முதலில் நினைத்தேன். இப்போ அப்படித் தோணல. அளவுகோல் ரெண்டிலும் ஒன்றுதானே. 2017-ல் வந்த பிளேட் ரன்னர் 2049 எனக்கு இன்னும் டிக்குக்குக் கிட்டத்தில் தெரியுது. அதில் ஹீரோ தான்தான் அந்த அதிசயக் குழந்தை என்று நம்பி, கடைசியில் அது தான் இல்லை, தான் ஒரு சாதாரணன் என்று தெரிந்துகொள்கிறான். தெரிந்த பிறகும் நல்லது செய்கிறான். அந்த ரேடியோ கடைப் பையன் திரையில் வந்தது அங்கேதான்.

ஆனா ஒரே ஒரு படத்தைச் சொல்லச் சொன்னா, ரிச்சர்டு லிங்க்லேட்டரின் எ ஸ்கேனர் டார்க்லி, 2006. நடிகர்களைப் படம் பிடித்து அதன் மேலேயே வரைந்து எடுத்தது. 1977-ல் வந்த நாவல் அந்த உடைக்கப்பட்ட வீட்டு நாட்களைப் பற்றியது. போதையால் செத்த, சிதைந்த தன் நண்பர்களின் பெயர்களை டிக் நாவலின் முடிவில் பட்டியலாகக் கொடுத்திருந்தார், அதில் தன் பெயரும் உண்டு. படம் அந்தப் பட்டியலைத் திரையில் ஓட விட்டது. சண்டைக் காட்சி சேர்க்கவில்லை, ஹீரோவை அழகாக்கவில்லை. கீயனு ரீவ்ஸ் இருக்கார்தான், ஆனா யாரென்றே தெரியாத மாதிரி முகம் மாறிக்கொண்டே இருக்கும் உடைக்குள் பாதிப் படம் ஒளிந்திருப்பார். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. அது எப்படி ஓடும்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், நாவல் வேண்டாம், 'ரூக்' படிங்க. சில பக்கம்தான், மெஸ் க்யூவில் நிற்கும்போதே முடிச்சிடலாம். எங்க ஹாஸ்டல் கேட்டில் காலை ஆறரைக்குக் குப்பை வண்டி வரும்போது ஒரு செவலை நாய் உயிர் போகிற மாதிரி குரைக்கும். ரெண்டு வருஷமா வார்டனிடம் அதைப் பற்றிப் புகார் சொல்லிட்டு இருந்தேன். இப்போ சொல்றதில்ல.